12 இஞ்ச் சப்-ஊஃபர் நமக்கு எதுக்கு?

(மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தகவல் தொடர்பியல் துறை)

தலைப்பைப் பார்த்ததும், "என்னடா இவன், ஆடியோ ஆளா இருந்துக்கிட்டு சப்-ஊஃபருக்கு எதிரா எழுதறானே" என்று நினைக்க வேண்டாம். நான் எதிரி இல்லை. முதலாம் ஆண்டிலேயே எல்.ஏ.4440 ஐ.சி. போட்டு ஆம்ப்ளிஃபயர் கட்டி, ஹீட் சிங்க் வைக்க மறந்து விரலைச் சுட்டுக்கொண்டவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் நாலு பேருக்கு செட் அசெம்பிள் செய்து கொடுத்து, அந்தக் காசில் பரீட்சைக் கட்டணம் கட்டுகிறவன். ஆகவே இது உள்ளே இருந்து வருகிற குரல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கட்சி இதுதான். லைன் வீட்டிலோ, ஒரே சுவரைப் பங்கு போடும் ஃபிளாட்டிலோ குடியிருப்பவர் ஹோம் தியேட்டர் வாங்கும்போது தன் அறையை மட்டும் அளந்து வாங்கக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அறையையும் சேர்த்து அளக்கணும். அதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். அவருக்கு பெட்டி போனால் போதும். சொல்ல வேண்டியது ஸ்பீக்கரைத் திறந்து பார்த்த நாம்தான். நாமும் சொல்வதில்லை. "அண்ணா, பேஸ் சும்மா அதிரும் பாருங்க" என்று சொல்லித்தான் விற்கிறோம். நானும் அப்படித்தான் விற்றேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கோவைப் பக்கம் மில் ஏரியாவில் ஆறு வீடுகள் ஒரே வரிசையாக நிற்கும் லைன் வீடு. எங்களுடையது மூன்றாவது. முன் ரூம் பத்து அடி அகலம், பன்னிரண்டு அடி நீளம். இரண்டு பக்கமும் நாலரை இஞ்ச் செங்கல் சுவர். அதற்கு மேலே ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை நுழையும் சந்து. பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் எங்கள் வீட்டில் தும்மல் வரும். போன தீபாவளிக்கு அண்ணனுக்கு போனஸ் வந்தது. "டேய், நல்ல சவுண்டா ஒண்ணு பண்ணுடா" என்றான். கேட்க வேண்டுமா? 12 இஞ்ச் டிரைவர், முன்னால் போர்ட் வைத்த பெரிய பெட்டி, அஞ்சு சின்ன ஸ்பீக்கர், ஒரு 5.1 போர்டு. சப்-ஊஃபரை பொதுச் சுவர் மூலையில் வைத்தேன். மூலையில் வைத்தால் பேஸ் கூடும் என்று படித்திருந்தேன். படித்தது சரிதான்!

அஞ்சாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். சண்டை போட வரவில்லை. "தம்பி, கொஞ்சம் சவுண்ட கொறச்சுக்கிறியா கண்ணு" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? போனில் டெசிபல் மீட்டர் ஆப் போட்டு வாசலில் நின்று காட்டினேன். 50 என்று காட்டியது. "அக்கா, 2000-ம் வருஷத்து சத்தக் கட்டுப்பாட்டு விதிப்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 வரைக்கும் இருக்கலாம், ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும்தான் 45. இப்ப மணி மத்தியானம் மூணு" என்றேன். டிப்ளமோ படித்த திமிர்! அக்கா ஒன்றும் பேசவில்லை. "உள்ள வந்து பாரு" என்று கூட்டிப்போய், கட்டில் சட்டத்தின் மேல் என் கையை வைத்தார். மரம் குறுகுறுவென்று நடுங்கியது. தட்டு ஸ்டாண்டில் எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணுத்தன. "பாட்டு கேக்கல தம்பி, சுவருதான் பேசுது. அவரு முழு நைட்டு பாத்துட்டு வந்து நாலு நாளா தூங்கல."

அவர் வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லில் இரவு ஷிப்ட். ஓடுகிற மெஷினுக்கு நடுவில் நிற்கிறவருக்கு கண் அசந்தால் என்ன ஆகும் என்று மில் ஏரியாவில் வளர்ந்த எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் லைனிலேயே விரல் இல்லாத தாத்தா ஒருவர் இருக்கிறார். விதி ராத்திரித் தூக்கத்துக்குத்தான் தனிக் கணக்கு வைத்திருக்கிறது. பகலில் தூங்குகிறவருக்கு அதில் இடமில்லை.

அன்று ராத்திரி புத்தகத்தைப் புரட்டினேன். என் மீட்டர் ஏன் 50 காட்டியது, அவர் கட்டில் ஏன் நடுங்கியது? விதியில் சொல்லப்படுவது சாதா டெசிபல் அல்ல, 'ஏ வெயிட்டிங்' போட்ட டெசிபல். நம் காது தாழ்ந்த சுருதியை மந்தமாகக் கேட்கிறது என்பதற்காக, 50 ஹெர்ட்ஸ் சத்தத்தில் ஏறக்குறைய 30 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் மீட்டர் காட்டும். அதாவது உண்மையில் 78 இருந்தால் 48 என்று எழுதும். காதுக்கு அது நியாயமான கணக்கு. கட்டிலுக்கும் தட்டுக்கும் அந்தக் கழித்தல் தெரியாதே! போதாக்குறைக்கு போனில் இருக்கிற மைக், பேச்சுக்காகச் செய்தது. அடி சுருதியை அதுவும் பாதி விழுங்கிவிடும். ஆகவே நண்பர்களே, ஆப்பைக் காட்டி யாரிடமும் வாதாடாதீர்கள்.

இனி சுவர். சுவரின் எடை இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறையும். சுருதி பாதியானால் 6 டெசிபல் கூடுதலாகக் கசியும். இது மாஸ் லா. மேடம் கரும்பலகையில் எழுதினபோது தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் செய்தோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 480 ஹெர்ட்ஸ் பேச்சுச் சத்தத்தை நிறுத்துவதைவிட, 60 ஹெர்ட்ஸை நிறுத்துவதில் அதே சுவர் 18 டெசிபல் சோடை. நாலரை இஞ்ச் சுவரை இடித்துவிட்டு ஒன்பது இஞ்ச் கட்டினாலும் திரும்பக் கிடைப்பது ஆறுதான். அதனால்தான் பக்கத்து வீட்டில் ஓடுகிற படத்தின் வசனம் புரியாது, குண்டு வெடிப்பது மட்டும் துல்லியமாக வந்து சேரும்.

"முட்டை அட்டை ஒட்டலாமே மச்சி" என்பான் ஒருவன். எல்லா ஊரிலும் இப்படி ஒருவன் இருக்கிறான். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய ஏழு மீட்டர். இரண்டு இஞ்ச் அட்டை அதை என்ன செய்யும்? அறைக்குள் கீச்சுச் சத்தத்தின் எதிரொலி கொஞ்சம் மட்டுப்படும், அவ்வளவே. தெர்மோகோலும் அதே கதி. சுவரைக் கெடுத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் அட்வான்ஸைப் பறிகொடுத்ததுதான் மிச்சம் என்று ஒரு சீனியர் அண்ணன் அனுபவித்துச் சொன்னார்.

அதற்கடுத்த ஞாயிறு நான் ஒரு சோதனை செய்தேன். இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்பது என் வாதம். அக்காவிடம் கேட்டுக்கொண்டு அவர் வீட்டில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் அண்ணன், போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் வைத்து 35 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றினான். 40-ல் ஒன்றும் பெரிதாக இல்லை. 50-ல் லேசாக ஒரு முனகல். 57, 58 வந்தபோது தட்டு ஸ்டாண்டு முழுக்க ஆட்டம்! 65-ல் மறுபடி அடங்கிவிட்டது. நோட்டில் கணக்குப் போட்டேன். நம் ஊர் வெயிலில் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு 349 மீட்டர் அளவு. பத்தடி என்பது 3.05 மீட்டர். வேகத்தை அகலத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 57. அறையின் சொந்த சுருதி! லைன் வீடு என்பதால் அவர்கள் அறையும் பத்தடிதான். என் அறை 57-ஐத் தூக்கிக் கொடுக்கிறது, இரட்டைப் பிறவியான அவர்கள் அறை அதை வாங்கி இன்னும் தூக்குகிறது. ஒரே அச்சில் வார்த்த வீடுகளில் குடியிருப்பதன் பலன் இது.

வழியும் அந்தக் கணக்கிலேயே இருந்தது. இரண்டு சுவருக்கு நடுவில் நிற்கிற இந்த அலைக்கு, சுவர் ஓரத்தில் அழுத்தம் அதிகம், நட்ட நடுவில் ஏறக்குறைய பூஜ்யம். பெட்டியை மூலையில் வைத்தால் அந்த அலையை முழு மூச்சாக உசுப்புகிறோம். அகலத்தின் நடுக்கோட்டில் வைத்தால் அது எழும்புவதே கஷ்டம். பெட்டியை இழுத்து நடுவில், கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். தட்டுகள் அடங்கின. முழுசாக இல்லை, முக்கால்வாசி. காசு செலவு? ஒரு முழ வயர்!

கட்டிலுக்குப் பக்கத்தில் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. திறந்த வெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். மூன்று மீட்டரில் இருந்த பெட்டியை முக்கால் மீட்டருக்குக் கொண்டுவந்தால் 12. சின்ன அறையில், அதுவும் பேஸுக்கு, அவ்வளவு முழுசாகக் கிடைக்காது. கிடைக்கிற வரைக்கும் லாபம்தானே! எனக்கு அதே சத்தம், பக்கத்து வீட்டுக்குக் குறைவு. ஆனால் ஒன்று: இப்படிப் பக்கத்தில் வைத்தால் 80 ஹெர்ட்ஸுக்கு மேல் போகிற சத்தம் பெட்டியிலிருந்து வருவது காதுக்குத் தெரிந்துவிடும். கிராஸ்-ஓவரை 80-க்குக் கீழே வையுங்கள்.

சரி, இனி வாங்கப் போகிறவர்களுக்கு. என் கருத்தில் முதலில் வாங்க வேண்டியது சப்-ஊஃபரே அல்ல. உருப்படியான இரண்டு புக்-ஷெல்ஃப் ஸ்பீக்கர், ஐந்தோ ஆறரையோ இஞ்ச் ஊஃபர் வைத்தது. அதே காசுக்குக் கிடைக்கிற அஞ்சு பிளாஸ்டிக் டப்பாவைவிட இந்த இரண்டு எவ்வளவோ மேல். படத்தில் நமக்கு வேண்டியது முதலில் வசனம். வசனம் தெளிவாகக் கேட்டால் ஒலியைக் குறைக்கலாம். கேட்காததால்தான் ரிமோட்டைத் தூக்கித் தூக்கி ஏற்றுகிறோம். ஏற்றியதும் சண்டைக் காட்சி வந்து வீட்டைத் தூக்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்கென்றே டால்பி ஆம்ப்ளிஃபயர்களிலும் பல டி.வி.க்களிலும் 'நைட் மோடு' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மெனுவில் எங்கோ ஒளிந்திருக்கும். தேடிப் போட்டுக்கொள்ளுங்கள். நான் போட்டுக் கொடுத்த வீட்டிலெல்லாம் அம்மாக்கள்தான் முதலில் நன்றி சொன்னார்கள்.

ஸ்பீக்கர்களைப் பொதுச் சுவரில் ஸ்குரூ அடித்து மாட்டாதீர்கள். மாட்டினால் சுவரே ஒரு ஸ்பீக்கர் கோன் ஆகிவிடும். ஸ்டாண்டில் வையுங்கள், இல்லை முக்காலியில் வையுங்கள். அடியில் கனமான ரப்பர் துண்டு வைப்பது நல்லதுதான். தரை வழியாகப் போகிற அதிர்வைக் குறைக்கும். காற்று வழியாகப் போவதை அது தடுக்காது. 'இதை வச்சா பக்கத்து வீட்டுக்குக் கேக்கவே கேக்காது' என்று ரப்பர் விற்பவரை நம்ப வேண்டாம்.

வாட்ஸ் விஷயம். பெட்டி மேல் '10,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று ஒட்டியிருக்கும். பின்னால் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், 12 வோல்ட் 2 ஆம்பியர் என்று போட்டிருக்கும். பெருக்கினால் 24. உள்ளே 24 வாட் போகிற பெட்டியிலிருந்து பத்தாயிரம் வெளியே வந்தால் மின்வாரியமே நம் காலேஜுக்கு வந்துவிடும். ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். அதைவிட முக்கியம் சென்சிட்டிவிட்டி. 88 டெசிபல் என்று போட்ட ஸ்பீக்கர் 1 வாட்டில், இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு 82 டெசிபல் கொடுக்கும். சாதாரணப் பேச்சே 60, 65 தான். பத்தடி ரூமில் வசனம் கேட்க ஒரு வாட்டில் ஐம்பதில் ஒரு பங்கு போதும் என்றால் நம்புவீர்களா? லாகரிதம் போட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகும் சப்-ஊஃபர் வேண்டும் என்கிறவர்களுக்கு (எனக்கும் வேண்டும், பொய் சொல்லவில்லை) என் ஓட்டு: 8 இஞ்ச், மூடிய பெட்டி. மூடிய பெட்டி புதுசு ஒன்றும் இல்லை. 1954-லேயே எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் சின்னப் பெட்டியை இறுக்கமாக மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக்கி நல்ல பேஸ் வாங்கிக் காட்டினார். போர்ட் வைத்த பெட்டி அதன் டியூனிங் சுருதிக்குப் பக்கத்தில் கூடுதலாக உறுமும், அதற்குக் கீழே ஆக்டேவுக்கு 24 டெசிபல் என்று சடாரென்று விழும். மூடியது 12 என்று நிதானமாக இறங்கும். சின்ன அறை தானாகவே அடி சுருதியைக் கொஞ்சம் தூக்குவதால் இரண்டும் சேர்ந்து சமமாகிவிடும். குறைந்த ஒலியிலும் பேஸ் ஒழுங்காகக் கேட்கும்.

இங்கே ஒருத்தன் மடக்குவான், நியாயமாகவே மடக்குவான்: "டேய், ஒரே டெசிபல் அளவுல வச்சா 8 இஞ்சும் 12 இஞ்சும் பக்கத்து வீட்டுக்கு ஒண்ணுதானே?" ஆமாம், ஒன்றுதான். சுவருக்கு கோன் சைஸ் தெரியாது. 12 இஞ்சை அடக்கி வாசித்தால் தப்பே இல்லை. அதை அடக்கி வாசிக்கிற ஆளை எனக்குக் காட்டுங்கள்! என் அண்ணனால் முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. முழு வால்யூமில் 8 இஞ்ச் மூச்சு வாங்கும், நாமே குறைத்துவிடுவோம். 12 இஞ்ச் "இன்னும் கொடு" என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

குறைந்த ஒலியில் பேஸ் செத்துவிடுகிறதே என்பது உண்மையான குறை. ஃபிளெச்சரும் மன்ஸனும் 1933-லேயே இதை அளந்து வரைந்துவிட்டார்கள். 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் கேட்கிற அளவுக்கு 50 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமானால் 75-க்கு மேல் வேண்டும். பழைய டேப்-ரிக்கார்டர்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பட்டன் இருந்தது இதற்காகத்தான். லைன் வீட்டுக்காரனுக்கு அந்தப் பட்டன் ஒரு பொறி. சத்தம் குறைவு என்று அமுக்குவோம். அது கூட்டுவது சுவர் தாண்டுகிற அதே சுருதியை. அதிர்வு உடம்பில் உறைக்க வேண்டும் என்பவர்கள் நாற்காலிக்கு அடியில் பொருத்துகிற 'பேஸ் ஷேக்கர்' வாங்கிப் பார்க்கலாம். காற்றைத் தள்ளாமல் நாற்காலியை மட்டும் ஆட்டும். அதற்கும் கால் அடியில் ரப்பர் உண்டு.

"ஹெட்போன் போட்டுக்க வேண்டியதுதானே" என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் வீட்டில் ஞாயிறு படம் என்றால் அம்மா, அப்பா, அண்ணன், நான், எதிர் வீட்டு இரண்டு வாண்டுகள். ஆறு பேரும் தனித்தனியாகக் காதை அடைத்துக்கொண்டு ஒரே படத்தைப் பார்ப்பதற்கு பேர் ஹோம் தியேட்டரா?

இன்னொரு வாதம் நண்பர்களிடம் அடிக்கடி வரும். "கோயில் நோம்பிக்கு மூணு நாள் குழாய் ஸ்பீக்கர் கட்டறாங்க, கல்யாண வீட்டுல விடிய விடிய பாட்டு. அதெல்லாம் பொறுத்துக்கறவங்க நம்ம ரெண்டு மணி நேரத்தைப் பொறுத்துக்க மாட்டாங்களா?" நானும் இதைப் பேசியவன்தான். நோம்பி எல்லோருக்கும் பொது. தேதி தெரியும், முடிகிற நாளும் தெரியும். அந்த அக்காவும் மாவிளக்கு எடுப்பார். என் சப்-ஊஃபரில் அவருக்கு என்ன பங்கு? படத்தைக்கூட அவர் பார்க்கவில்லை, குண்டு மட்டும் அவர் வீட்டில் வெடிக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது 12 இஞ்ச் இல்லை. டிரைவரை ஒரு தோட்டத்து வீட்டு அண்ணனுக்கு விற்றுவிட்டேன். அவருக்கு நாலு பக்கமும் தென்னைதான் அண்டை. 8 இஞ்ச் மூடிய பெட்டி, நடுக்கோட்டில். மிச்சமிருந்த கால்வாசி கிணுகிணுப்புக்கு 4558 ஃபில்டர் போர்டுக்கு முன்னால் ஒரு ட்வின்-டி நாட்ச் போட்டேன். நாலாவது செமஸ்டரில் ரெக்கார்டு நோட்டுக்காக வரைந்து மறந்தோமே, அதேதான். 27 கே ரெஸிஸ்டர், 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், 59 ஹெர்ட்ஸ் வரும். பாதி மதிப்பு ரெஸிஸ்டருக்கு இரண்டு 27 கே-யைப் பேரலலில் போடுங்கள், இரட்டை கெப்பாசிட்டருக்கு இரண்டு 0.1-ஐ. பக்கத்து சுருதியையும் கொஞ்சம் தின்றுவிடும். ஒரு ஆப்-ஆம்ப் வைத்து ஃபீட்பேக் கொடுத்தால் நாட்ச் ஒடுங்கும். உங்கள் அறை பத்தடி இல்லை என்றால் மதிப்புகள் மாறும். மாமா முழு நைட் பார்க்கிற வாரங்களில் பகலில் சப்-ஊஃபர் ஸ்விட்ச்சே போடுவதில்லை. எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று அக்கா பால் வாங்கும்போதே சொல்லிவிடுவார்.

சர்க்யூட் வேண்டுபவர்கள் சனிக்கிழமை மத்தியானம் எலக்ட்ரானிக்ஸ் லேபில் ஜன்னல் ஓர பெஞ்சுக்கு வரலாம். அறையின் நீள அகலத்தை அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள், பக்கத்து வீட்டு அறையையும்.